வெள்ளை பனியன், வெள்ளைப் பின்னணி: போட்டோஷாப்பில் வெட்டி எடுப்பது ஏன் இவ்வளவு சிக்கல்? செலக்‌ஷன், மாஸ்க் பற்றிய முழு விளக்கம்

பொங்கலூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். கோவை - திருச்சி நெடுஞ்சாலையில் பல்லடத்தைத் தாண்டினால் வரும் ஊர். விசைத்தறி, கோழிப்பண்ணை, தென்னந்தோப்பு, சின்ன வெங்காயக் காடு, இவற்றுக்கு நடுவே பத்துப் பதினைந்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கும் யூனிட். ஏற்றுமதி ஆர்டர் குறையும் மாதங்களில் மெஷின் சும்மா நிற்கக் கூடாது என்று, ஆன்லைனில் நேரடியாக விற்றுப் பார்க்கலாம் என முடிவு செய்கிறார் உரிமையாளர். சரக்கு ரெடி, ஜிஎஸ்டி நம்பர் ரெடி. போட்டோ எடுத்து ஏற்றினால் போதும்.

இங்கதான் சிக்கலே ஆரம்பிக்குது. முதல் படம் சுத்தமான வெள்ளைப் பின்னணியில் இருக்க வேண்டும் என்கிறது விற்பனைத் தளம். அமேசான் இதை எண்ணிலேயே சொல்கிறது: பின்னணியின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255 ஆக இருக்க வேண்டும், பொருள் படத்தின் 85 சதவீத இடத்தையாவது நிரப்ப வேண்டும். சரி என்று மொபைலில் எடுத்து, ஒரு ஆப்பில் போட்டுப் பின்னணியை அழித்தால், கறுப்பு டி-ஷர்ட் அழகாக வந்துவிடுகிறது. வெள்ளை ஆர்.என். பனியனைப் போட்டால்? ஒரு தோள்பட்டையைக் காணோம். பக்கவாட்டுத் தையல் கரைந்து போய்விட்டது. "ஏனுங்க, பனியன் எங்கீங்க?" என்று கேட்கும் நிலை.

திருப்பூர் வட்டாரத்துக்கு வெள்ளை பனியன் என்பது அடிப்படைச் சரக்கு. அதைத்தான் கம்ப்யூட்டரால் சரியாகப் பார்க்க முடியவில்லை. ஏன், எப்படிச் சரிசெய்வது என்பதைப் புரிந்துகொண்டால் போட்டோ எடிட்டிங்கில் செலக்‌ஷன், மாஸ்க் என்ற இரண்டு விஷயமும் முழுசாகப் புரிந்துவிடும். விரிவாகப் பார்க்கலாம்.

செலக்‌ஷன் வேறு, மாஸ்க் வேறு

பலரும் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். வித்தியாசம் இதுதான். படத்தின் எந்தப் பகுதியில் வேலை செய்யப் போகிறோம் என்று வளைத்துக் காட்டுவது செலக்‌ஷன். ஓரத்தில் புள்ளிக்கோடு எறும்பு ஊர்வது மாதிரி ஓடுமே, அதுதான். (அந்த எறும்புக் கோடு 1984ல் ஆப்பிள் மெக்கின்டாஷுடன் வந்த மேக்பெயின்ட்டில் பில் அட்கின்சன் கொண்டுவந்தது, இன்று வரை மாறவில்லை.) வெளியே ஒரு கிளிக் செய்தால் செலக்‌ஷன் போய்விடும். தற்காலிகம்.

மாஸ்க் என்பது அந்த வளைவை ஒரு படமாகவே சேமித்து வைப்பது. கறுப்பு - வெள்ளைப் படம். வெள்ளை இருக்கும் இடத்தில் கீழே உள்ள போட்டோ தெரியும். கறுப்பு இருக்கும் இடத்தில் மறையும். சாம்பல் இருந்தால் அரைகுறையாகத் தெரியும். சாதாரண 8 பிட் படத்தில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை மொத்தம் 256 படிகள்.

கட்டிங் டேபிளை நினைத்துப் பாருங்கள். துணி மேல் சாக்பீஸில் கோடு போடுவது செலக்‌ஷன். எரேசர் எடுத்து அழிப்பது கத்தியைப் போட்டு வெட்டுவது. தப்பாகிவிட்டால் துணி போச்சு. மாஸ்க் போடுவது, வெட்டாமல் உள்ளே மடித்து ஊசி குத்தி வைப்பது. நாளைக்கு பையர் வந்து "கொஞ்சம் லூஸ் விடுங்க" என்றால் பிரித்துவிடலாம். அதனால்தான் தொழில் தெரிந்தவர்கள் எரேசர் பக்கமே போவதில்லை.

இந்த யோசனை கம்ப்யூட்டருக்கு முன்பே வந்தது

மாஸ்க் என்ற சொல் தமிழ் சினிமாவுக்குப் பழசு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பில் 1940ல் வந்த 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்தார். அந்தக் காலத்தில் இரட்டை வேடக் காட்சியை எடுக்க, லென்ஸின் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து நடிகரை மறுபக்கம் நிற்க வைத்துப் படம் பிடிப்பார்கள். பிறகு அதே ஃபிலிமைப் பின்னால் சுற்றி, அட்டையை மாற்றி வைத்து, அடுத்த பாதியை எடுப்பார்கள். கறுப்பு மறைத்த இடத்தில் ஃபிலிமில் வெளிச்சம் படாது. கோட்டைத் தாண்டி ஒருத்தர் கை நீட்டினால் கை வெட்டுப்பட்டுவிடும். இன்றைய லேயர் மாஸ்க்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. கோடு நேராக இருக்க வேண்டிய அவசியம் மட்டும் இல்லை.

திருப்பூர் பிரிண்டிங் பட்டறைகளுக்கு இதைவிட நெருக்கமான சொந்தக்காரர் ஒருவர் உண்டு: ரூபிலித் ஃபிலிம். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய சிவப்புப் படலம். பிளேடால் டிசைனைக் கீறி, வேண்டாத இடத்துச் சிவப்பை உரித்து எடுத்துவிடுவார்கள். சிவப்பு மிச்சமிருக்கும் இடத்தில் ஸ்கிரீனை எக்ஸ்போஸ் செய்யும் வெளிச்சம் உள்ளே போகாது. போட்டோஷாப்பில் க்யூ பட்டனைத் தட்டினால் படத்தின் மேல் சிவப்பு மெழுகுத் தாள் போட்ட மாதிரி ஒரு நிறம் வருமே, 'குயிக் மாஸ்க்', அந்தச் சிவப்பு இந்த ரூபிலித்தின் ஞாபகம்தான்.

கம்ப்யூட்டரில் இதற்குக் கணக்கு போட்டவர்கள் வேறு. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தோடு சேர்த்து 'இது எவ்வளவு தெரிய வேண்டும்' என்று இன்னொரு எண்ணையும் வைக்கலாம் என்ற யோசனையை 1970களின் கடைசியில் எட் கேட்மல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும் உருவாக்கினார்கள். அதுதான் ஆல்ஃபா சேனல். 1984ல் லூகாஸ் ஃபிலிமைச் சேர்ந்த தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் இருவரும் இரண்டு படங்களை ஆல்ஃபா வைத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவதற்கான விதிகளை எழுதினார்கள். தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப்பின் முதல் பதிப்பு 1990 பிப்ரவரியில் வந்தது. லேயர் என்ற வசதி 1994ல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முன்னால் எல்லாவற்றையும் சேனலிலேயே சமாளித்தார்கள்.

மேஜிக் வாண்ட் ஏன் வெள்ளை பனியனை விழுங்குகிறது?

இப்போது நம்ம பனியனுக்கு வருவோம்.

மந்திரக்கோல் படம் போட்ட மேஜிக் வாண்ட், நீங்கள் கிளிக் செய்த புள்ளியின் நிறத்தைப் பார்க்கும். அதே போன்ற நிறம் பக்கத்தில் எதுவரை போகிறதோ அதுவரை பிடிக்கும். 'அதே போன்ற' என்றால் எவ்வளவு? அதைச் சொல்வதுதான் டாலரன்ஸ். வழக்கமாக அது 32ல் இருக்கும். கிளிக் செய்த புள்ளியின் மதிப்பிலிருந்து 32 மேலே, 32 கீழே வரை சேர்த்துக்கொள்ளும்.

வெள்ளைப் பின்னணியின் மதிப்பு 255. நல்ல வெளிச்சத்தில் எடுத்த வெள்ளை பனியனின் மதிப்பு 240 பக்கம். வித்தியாசம் 15. டாலரன்ஸ் 32. அப்புறம் பனியன் எப்படித் தப்பிக்கும்? டாலரன்ஸை 8 ஆகக் குறைத்தால் பனியன் தப்பிக்கும். ஆனால் பின்னணியில் விழுந்த லேசான நிழல் எல்லாம் வெட்டுப்படாமல் திட்டுத் திட்டாக நிற்கும். எந்த எண்ணைப் போட்டாலும் ஒரு பக்கம் இடிக்கும்.

கலர் ரேஞ்ச் என்ற வசதிக்கும் இதே கதைதான். பச்சைத் துணிக்கு முன்னால் சிவப்பு டி-ஷர்ட் என்றால் இரண்டும் பிரமாதமாக வேலை செய்யும். லாசோ வகையில் மேக்னெடிக் லாசோ என்று ஒன்று, ஓரத்தைத் தேடி காந்தம் மாதிரி ஒட்டிக்கொண்டே போகும். ஓரமே மங்கலாக இருந்தால் அது எதில் ஒட்டும்? குயிக் செலக்‌ஷன் பிரஷ்ஷும் நிறத்தோடு ஓரத்தையும் கணக்கில் எடுக்கும், கொஞ்சம் தேவலை. ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் மேஜிக் வாண்டுக்கு ஃபஸ்ஸி செலக்ட் என்று பெயர். பெயர்தான் வேறு, வேலை அதேதான்.

ஆக, இந்தப் பிரச்னையைப் பாதிக்கு மேல் தீர்க்க வேண்டிய இடம் கேமரா. எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்து மல்லுக்கட்டுவதைவிட, படம் எடுக்கும்போதே செய்யக்கூடியது நிறைய.

வெள்ளைச் சரக்கை வெள்ளைச் சுவருக்கு முன்னால் எடுக்காதீர்கள். நடுத்தரச் சாம்பல் நிறத் துணி போதும். கம்பெனியிலேயே கட்பீஸ் கிடக்கும். வண்ணத் துணி வேண்டாம், அதன் சாயல் வெள்ளை பனியன் ஓரத்தில் அடிக்கும். வெள்ளைப் பின்னணிதான் இருக்கிறது என்றால், பனியனுக்கு இரண்டு பக்கமும், படத்தில் விழாதபடி, கறுப்பு சார்ட் அட்டையை நிறுத்துங்கள். அட்டையின் கருமை ஓரத்தில் மெல்லிய நிழலாக இறங்கி, பனியனுக்கு ஒரு விளிம்பு கொடுக்கும். கண்ணாடி பாட்டிலைப் படம் எடுப்பவர்கள் காலம் காலமாகச் செய்யும் வேலை இது. ஸ்டேஷனரி கடை அட்டை, பெரிய செலவில்லை. இன்னொன்று, வெளிச்சத்தை அள்ளிக் கொட்டக் கூடாது. பனியன் 255ஐத் தொட்டுவிட்டால் ரிப் கோடு, பின்னல் கண்ணி எல்லாம் அழிந்து வெறும் வெள்ளைத் தாள் ஆகிவிடும். அழிந்த கண்ணியை எந்த மென்பொருளும் திருப்பித் தராது.

பென் டூல்: மெதுவானது, ஆனால் ஏமாற்றாது

நிறத்தை நம்பாமல் கண்ணை நம்பும் கருவி பென் டூல். புள்ளி வைத்து, இழுத்து, வளைத்து, பனியனைச் சுற்றி நாமே கோடு போட வேண்டும். இந்த வளைவுகளுக்கு பெசியே வளைவு என்று பெயர். பிரான்சின் ரெனோ கார் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த பியர் பெசியே கார் உடலின் வளைவை வரையப் பயன்படுத்தியது. கார் பானட்டுக்கு வந்த கணக்கு இன்று பனியன் கழுத்துக்கு உதவுகிறது.

கற்றுக்கொள்ள ஒரு வாரம் கை வலிக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, அரை இஞ்சுக்கு ஒரு புள்ளி வைப்பது. அப்புறம் கை ஓரம் ரம்பப் பல் மாதிரி வரும். வளைவு திசை மாறும் இடத்தில் மட்டும் புள்ளி வைத்தால் போதும். படத்தை 200 சதவீதம் பெரிதாக்கிக்கொண்டு, உண்மையான ஓரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பிக்ஸல் உள்ளே கோடு போடுங்கள். பின்னணி ஒட்டிக்கொண்டு வராது.

இந்த வேலைக்கு உலகம் முழுக்க 'கிளிப்பிங் பாத்' என்று பெயர். வங்கதேசத்தின் டாக்காவில் இதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளின் படங்கள் அங்கே போய் வெட்டுப்பட்டுத் திரும்புகின்றன. நம் ஊரில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் பையன்கள், ஃபிளெக்ஸ் பேனரில் தலைவர் படத்தை வெட்டி ஒட்டுபவர்கள் எல்லாம் இதே கலையில் கை தேர்ந்தவர்கள்தான். என்ன, பேனரில் இருபது அடி தள்ளி நின்று பார்ப்பார்கள். ஆன்லைனில் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார்கள்.

ஓரத்தில் அந்த வெள்ளைக் கோடு எங்கிருந்து வருகிறது?

அடர் நீல டி-ஷர்ட்டை வெள்ளைச் சுவருக்கு முன்னால் எடுத்து, நன்றாக வெட்டி, கறுப்புப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரு வெள்ளை நூல் ஓடும். 'கட்டிங் சரியில்ல' என்று எடிட்டரைத் திட்டுவார்கள். தப்பு அவர் மேல் மட்டும் இல்லை.

ஓரத்தில் இருக்கும் ஒரு பிக்ஸலை எடுத்துக்கொள்வோம். அதில் பாதி டி-ஷர்ட், பாதி சுவர். டி-ஷர்ட்டின் மதிப்பு 40, சுவர் 255 என்றால், கேமரா அந்தப் புள்ளியில் இரண்டையும் கலந்து சுமார் 148 என்று பதிவு செய்யும். அது டி-ஷர்ட்டும் இல்லை, சுவரும் இல்லை. அந்தப் புள்ளியை மாஸ்க்கில் பாதி மறைத்தாலும், தெரியும் பாதியில் சுவரின் வெண்மை கலந்தே இருக்கிறது. போர்ட்டர் - டஃப் கணக்கு சரியாக வர வேண்டுமென்றால், அந்தப் புள்ளியின் நிறம் சுத்தமாக 40 ஆகவும், ஆல்ஃபா பாதியாகவும் இருக்க வேண்டும். நிறமும் ஆல்ஃபாவும் தனித்தனி விஷயம்.

போட்டோஷாப்பின் 'செலக்ட் அண்ட் மாஸ்க்' பகுதியில் 'டீகன்டாமினேட் கலர்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. ஓரத்தில் கலந்த பின்னணி நிறத்தை எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் துணியின் நிறத்தை இழுத்து நிரப்பும். அங்கேயே 'ஷிஃப்ட் எட்ஜ்' என்பதைக் கொஞ்சம் மைனஸில் வைத்தால் ஓரம் உள்ளே நகரும். நூல் நூலாகப் பிரிந்த விளிம்பு, ஃப்ளீஸ் துணியின் பஞ்சு, மாடலின் தலைமுடி இதற்கெல்லாம் 'ரிஃபைன் எட்ஜ்' பிரஷ். தையல் போட்ட நேர் விளிம்புக்கு அந்தப் பிரஷ் வேண்டாம். சுத்தமான ஓரத்தையும் பிசிறாக்கிவிடும்.

ஃபெதர் பற்றி ஒரு வார்த்தை. ஓரத்தை மிருதுவாக்குகிறேன் என்று 5, 10 பிக்ஸல் ஃபெதர் வைத்துப் புகை மூட்டம் போல ஆக்கிவிடுவார்கள். தைத்த துணிக்கு அரை பிக்ஸல், மிஞ்சினால் ஒரு பிக்ஸல். அவ்வளவுதான்.

வெட்டு சரியா என்று பார்க்க எளிய வழி: கீழே ஒரு லேயரில் கறுப்பை நிரப்பிப் பாருங்கள், அப்புறம் அடர் சிவப்பை. வெள்ளையில் மறைந்திருந்த தப்பு எல்லாம் வெளியே வரும். ஆல்ட் பட்டனை அழுத்திக்கொண்டு மாஸ்க் மேல் கிளிக் செய்தால் மாஸ்க் மட்டும் தனியாகத் தெரியும். பனியனுக்குள் சாம்பல் திட்டு இருந்தால் அங்கே துணி ஓட்டையாக இருக்கிறது என்று அர்த்தம்.

உள்ளே ஆள் இல்லாமல் நிற்கும் சட்டை

ஆன்லைன் கடைகளில் யாரோ போட்டிருப்பது போல உப்பலாக நிற்கும், ஆனால் உள்ளே ஆளும் இருக்காது, பொம்மையும் இருக்காது. பின் கழுத்தின் உட்புறமும் லேபிளும்கூடத் தெரியும். இதை 'கோஸ்ட் மேனிக்வின்' என்பார்கள்.

ரகசியம் இரண்டு படங்கள். முதலில் பொம்மைக்குப் போட்டு முன்பக்கம் எடுக்க வேண்டும். பிறகு டி-ஷர்ட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு, பின் கழுத்துப் பகுதியை அதே வெளிச்சத்தில், அதே தூரத்தில் எடுக்க வேண்டும். எடிட்டிங்கில் முன்பக்கப் படம் மேல் லேயர். அதில் பொம்மையின் கழுத்தை மாஸ்க்கில் கறுப்படித்து மறைக்கவும். கழுத்துப் படம் கீழ் லேயர். முன் காலரின் ஓட்டை வழியே அது தெரியும்படி நகர்த்தி வைக்கவும். முன் காலருக்குக் கீழே, பின் கழுத்தின் மேல் ஒரு மெல்லிய நிழல் போட்டால்தான் ஆழம் வரும். நிழலை மறந்தால் காலர் ஸ்டிக்கர் ஒட்டிய மாதிரி இருக்கும். ஏன் மாஸ்க் வேண்டும், எரேசர் போதாதா என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. காலர் ஓரத்தை நாலு தடவை முன்னே பின்னே நகர்த்தாமல் இது அமையாது.

பிரிண்டிங் பட்டறையில் கறுப்பும் வெள்ளையும் தலைகீழ்

விற்பனைப் படம் ஒரு பக்கம். திருப்பூரில் மாஸ்க்கைத் தினமும் வைத்துப் பிழைப்பவர்கள் இன்னொரு பக்கம் இருக்கிறார்கள்: டி-ஷர்ட் பிரிண்டிங்குக்கு கலர் பிரிக்கும் டிசைனர்கள். டிசைனில் எத்தனை நிறமோ அத்தனை ஸ்கிரீன்; ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் ஒரு ஃபிலிம்; ஒவ்வொரு ஃபிலிமும் ஒரு மாஸ்க்.

இங்கே புதிதாக வருபவர்கள் குழம்பிப் போவார்கள். லேயர் மாஸ்க்கில் கறுப்பு என்றால் மறைவு. ஃபிலிமில் கறுப்பு என்றால் இங்க் விழும் இடம். காரணம், ஃபிலிமின் கறுப்பு புற ஊதா வெளிச்சத்தைத் தடுக்கும். அந்த இடத்தில் ஸ்கிரீன் மேல் பூசிய எமல்ஷன் இறுகாது. தண்ணீர் அடித்தால் கழன்று போகும். அந்தக் கண்ணி வழியேதான் இங்க் இறங்கும். ஒரே வேலைக்கு இரண்டு பட்டறையில் இரண்டு மொழி. ஃபிலிம் எடுக்கும் முன் ஒரு தடவை சரிபார்க்காவிட்டால், பூ இருக்க வேண்டிய இடம் காலியாகவும் சுற்றி முழுக்க இங்க்காகவும் வந்து நிற்கும்.

இதில் நுணுக்கமான இடம் கறுப்புத் துணிதான். கறுப்பு டி-ஷர்ட்டில் சிவப்பு இங்க்கை நேரடியாக அடித்தால் மங்கிப் போகும். அதனால் முதலில் வெள்ளை அடித்து, சூடு காட்டிக் காய வைத்து, அதன் மேல் சிவப்பு அடிப்பார்கள். இரண்டு ஃபிலிமையும் ஒரே அளவில் எடுத்தால் என்ன ஆகும்? பின்னலாடைத் துணி இழுபடும். ஸ்கிரீன் இம்மியளவு நகர்ந்தாலும் சிவப்புப் பூவைச் சுற்றி வெள்ளை எட்டிப் பார்க்கும். நூற்றுக்கணக்கான பீஸ் அடித்த பிறகு செக்கிங் டேபிளில்தான் இது கண்ணில் படும். ஏற்றுமதிச் சரக்கு என்றால் ரிஜெக்ட். துணி, சாயம், தையல் கூலி எல்லாம் அதோடு போச்சு.

இதற்கு மருந்து செலக்‌ஷன் மெனுவிலேயே இருக்கிறது. சிவப்பின் சேனலை செலக்‌ஷனாக எடுத்து, 'மாடிஃபை' என்பதில் 'கான்ட்ராக்ட்' கொடுத்து இரண்டு பிக்ஸல் சுருக்கி, அதை வெள்ளையின் ஃபிலிமாக்க வேண்டும். 300 டிபிஐ படத்தில் ஒரு பிக்ஸல் என்பது சுமார் 0.085 மில்லிமீட்டர். இரண்டு பிக்ஸல், 0.17 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாத இந்தச் சுருக்கம்தான் ஒரு லாட்டைக் காப்பாற்றுகிறது. நன்றாக இழுபடும் துணிக்கு மூன்று பிக்ஸல்கூட வைக்கலாம். டிசைனில் முடி போன்ற மெல்லிய கோடு இருந்தால் மட்டும் கவனம். அதை இரண்டு பக்கமும் இரண்டு பிக்ஸல் சுருக்கினால் கோடே காணாமல் போய்விடும்.

ஏஐ வந்த பிறகு இதெல்லாம் எதற்கு?

நியாயமான கேள்வி. 2018ல் போட்டோஷாப்பில் 'செலக்ட் சப்ஜெக்ட்' வந்தது. ஒரே கிளிக்கில் ஆளை வளைத்துக் கொடுத்தது. 2022ல் ஐபோனில் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் உருவம் தனியாகக் கழன்று வர ஆரம்பித்தது. 2023 ஏப்ரலில் மெட்டா நிறுவனம் 'செக்மென்ட் எனிதிங்' என்ற மாடலை வெளியிட்டது, 1.1 கோடி படங்களும், அவற்றில் 100 கோடிக்கு மேற்பட்ட மாஸ்க்குகளும் வைத்துப் பயிற்சி கொடுக்கப்பட்டது. பழைய கருவிகள் நிறத்தைப் பார்த்தன. இவை 'இது சட்டை, இது சுவர்' என்று பொருளைப் பார்க்கின்றன. பெரிய பாய்ச்சல், சந்தேகமே இல்லை.

ஆனாலும் வெள்ளை மேல் வெள்ளை, வலை போன்ற மெஷ் துணி, டிராயரின் தொங்கும் நாடா, ஸ்லிப்பின் மெல்லிய தோள்பட்டை, டேக் கட்டிய நூல், இந்த இடங்களில் ஏஐ இன்னும் தடுமாறுகிறது. நாடாவை ஒரு பக்கம் விட்டு இன்னொரு பக்கம் வெட்டிவிடும். சைஸ் எக்ஸ்எல் பனியனின் ஓரத்தைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளி எல் ஆக்கிவிடும். நம் கருத்தைச் சொல்வதென்றால், ஏஐயை முதல் வெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது தரும் செலக்‌ஷனை மாஸ்க்காக மாற்றி, கெட்ட இடத்தை பிரஷ்ஷாலும் பென் டூலாலும் கையால் திருத்துங்கள். நூறு படத்தில் எண்பது அப்படியே ஓகே ஆகலாம். மீதியைக் கண்டுபிடிக்கும் கண் உங்களிடம் இருக்க வேண்டும்.

கட்டாயம் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம்: பின்னணி அழிக்கும் இலவச இணையதளங்களில் நீங்கள் ஏற்றும் படம் அவர்களின் சர்வருக்குப் போகிறது. வெளிநாட்டு பையர் அடுத்த சீசனுக்குக் கொடுத்த சாம்பிளை அங்கே போடுவது, ஒப்பந்தத்தில் ரகசியம் காப்போம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு டிசைனை ரோட்டில் வைப்பது போல. அந்த மாதிரிப் படங்களுக்கு உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடும் மென்பொருள்தான் சரி. போட்டோஷாப்புக்கு மாதச் சந்தா கட்ட முடியாதவர்களுக்கு ஜிம்ப் முழுக்க இலவசம். ஃபோட்டோபியா என்று ஒன்று பிரவுசரிலேயே திறக்கும். படம் சர்வருக்குப் போகாமல் உங்கள் மெஷினிலேயே கையாளப்படும்.

ஒரே பனியனை எட்டு நிறமாக்கலாமா?

மாஸ்க் கையில் வந்ததும் எல்லோருக்கும் வரும் ஆசை இது. ஒரு வெளிர் சாம்பல் டி-ஷர்ட்டைப் படம் எடுத்து, மாஸ்க் போட்டு, மேலே ஒரு வண்ண லேயரை 'மல்டிப்ளை' முறையில் வைத்தால் மடிப்பு, நிழல் எல்லாம் அப்படியே இருக்க, நிறம் மட்டும் மாறும். எட்டு நிறத்துக்கு எட்டு தடவை படம் எடுக்க வேண்டியதில்லை. வெளிர் துணியை அடர்த்தியாக்குவது சுலபம். கறுப்பைப் போட்டோவில் வெளுப்பாக்குவது முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிரச்னை நிறம் நிஜத்தோடு ஒத்துப்போகிறதா என்பதில். சாயப்பட்டறையில் லாட்டுக்கு லாட் ஷேட் மாறும் என்பது இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கிரீனில் நீங்கள் தேர்ந்தெடுத்த மெரூனும், வந்து இறங்கிய மெரூனும் வேறாக இருந்தால், வாங்கியவர் திருப்பி அனுப்புவார். போக வர கூரியர் செலவு உங்கள் தலையில்.

சட்டமும் இதைச் சொல்கிறது. நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020ன்படி, விளம்பரம் பொருளின் உண்மைத் தன்மையோடு ஒத்திருப்பதை விற்பவர் உறுதி செய்ய வேண்டும். காட்டியதற்கு மாறாகப் பொருள் இருந்தால் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது. வாங்குபவர் தரப்பில் புகார் சொல்ல 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. எனவே நிறம் மாற்றுவதாக இருந்தால், ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு பீஸை ஒரு சாம்பல் அட்டையோடு சேர்த்துப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு நிறத்தைப் பொருத்துங்கள். பின்னணியை மாற்றுவது அலங்காரம். ஜிஎஸ்எம் குறைந்த துணியைக் கனமாகக் காட்டுவது, கழுத்தில் இல்லாத ரிப்பை ஒட்டுவது எல்லாம் அந்தக் கணக்கில் வராது.

கடைசியாக, சேமிக்கும்போது நடக்கும் தப்பு. அரை மணி நேரம் உட்கார்ந்து மாஸ்க் போட்டுவிட்டு ஜேபிஇஜி ஆக மட்டும் சேமித்து மூடிவிடுவார்கள். ஜேபிஇஜி-யில் லேயரும் கிடையாது, மாஸ்க்கும் கிடையாது. ஒளிபுகும் பகுதி எல்லாம் வெள்ளையாக நிரம்பிவிடும். முதலில் பிஎஸ்டி ஆகச் சேமியுங்கள், அது உங்கள் பேட்டர்ன். பின்னணி இல்லாமல் பேனருக்கோ கேட்லாக்குக்கோ வேண்டுமென்றால் பிஎன்ஜி. விற்பனைத் தளத்துக்கு எஸ்ஆர்ஜிபி நிறத்தில் ஜேபிஇஜி, நீளமான பக்கம் குறைந்தது 1,000 பிக்ஸல். அதற்குக் குறைந்தால் அமேசானில் வாடிக்கையாளர் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி வராது. கோப்புக்கு 'நியூ ஃபைனல் 2' என்று பெயர் வைக்காமல் ஸ்டைல் நம்பரும் நிறமும் போட்டு வையுங்கள். அடுத்த சீசனில் அதே பனியனுக்கு கழுத்து மட்டும் மாறி வரும்போது, அந்த மாஸ்க்கைத்தான் தேடுவீர்கள்.